வாசிக்காமல் தாண்டிய சொல்

அந்த வார்த்தை வருகிற இடத்தில் ஒரு நொடி நிறுத்திவிட்டு, அதை வாசிக்காமல் தாண்டிப் போய்விட வேண்டும் என்று ஷர்மிளா மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

மூன்றாம் வருஷ பி.ஏ. ஆங்கிலத்துக்கு அந்த நாவல் பாடமாக வந்திருந்தது. நூறு வருஷத்துக்கும் மேல் பழைய அமெரிக்க நாவல். வீட்டை விட்டு ஓடிவந்த ஒரு பையனும், தன்னை விற்றுவிடப் போகிறார்கள் என்று தெரிந்து தப்பி வந்த ஒரு கறுப்பின அடிமையும் ஆற்றோடு சேர்ந்து போகிற கதை. அந்தப் பயணத்தில் பையனின் மனசு முதிர்கிறது. ஆனால் அவனோடு வருகிற மனிதரை ஊரில் எல்லோரும், அந்தப் பையன் உட்பட, ஒரு வசைச்சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் அது வரும்.

"அமெரிக்காவுல சில ஸ்கூல்ல இந்த புக்கையே எடுத்துட்டாங்க. அந்த வார்த்தைக்குப் பதிலா வேற வார்த்தை போட்டும் அச்சடிச்சாங்க. ரெண்டுக்கும் சண்டை நடந்திருக்கு. அது ஏன்னு கடைசி யூனிட்ல பேசலாம்" என்றார் மேடம். அவர் வாணியம்பாடிக்காரர். வேலூர் காட்பாடி ரோட்டிலிருந்த அந்தக் கல்லூரியில் வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பித்து வேலை பார்ப்பவர்.

கடைசி யூனிட் வரை விஷயம் காத்திருக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை வாசிக்கும் முறை சௌந்தர்யாவுக்கு வந்தது. ஆம்பூர்க்காரி. அப்பா துரைசாமி தோல் தொழிற்சாலையில், அம்மா அமிர்தவள்ளி ஷூ கம்பெனியில் தையல் பிரிவில். சௌந்தர்யா நன்றாக வாசிப்பாள்; தடுக்காது, அவசரப்படவும் மாட்டாள். அந்த வார்த்தை வந்ததும் மேடம் சொன்னபடி நிறுத்தினாள்.

கடைசி பெஞ்சிலிருந்து பூவரசன், மறந்துபோனதை எடுத்துக் கொடுக்கிற மாதிரி அந்த வார்த்தையைச் சொன்னான். அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

வகுப்பு சிரித்தது. மேடம் அவனை வெளியே போகச் சொன்னார். அவனும் சிரித்தபடியே போனான். சௌந்தர்யா மேற்கொண்டு வாசித்தாள். எந்த வரியில் இருக்கிறோம் என்பது மட்டும் தெரியவில்லை. வாசித்த வரியையே திரும்ப வாசித்தாள். அதற்கும் சிரித்தார்கள்.

சாயந்திரத்துக்குள் வகுப்பு வாட்ஸப் குரூப்பில் அது அவளுடைய பெயராகிவிட்டது. அவளைவிடக் கறுப்பாக வகுப்பில் நான்கைந்து பேராவது இருப்பார்கள். நிறம் மட்டும் காரணமில்லை என்று அவளுக்கு உடனே புரிந்தது. அவள் எந்த ஊர், எந்தக் காலனி, வீட்டில் என்ன வேலை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு ஈடான தமிழ் வார்த்தையை அவள் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருக்கிறாள். அதை இப்போது யாரும் வெளிப்படையாகச் சொல்ல முடியாது. இதைச் சொல்லலாம். பாடப் புத்தகத்திலேயே இருக்கிறதே.

மறுநாள் காலை ஆம்பூர் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும்போதே ரயில் வந்து நின்றிருந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து வரும் சௌமியா வழக்கம்போலப் பெட்டியின் வாசலில் நின்று கையாட்டினாள். முதல் வருஷத்திலிருந்து இருவரும் தோஸ்த். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டிருக்கிறார்கள், ஒரே ஹெட்போனில் பாட்டு கேட்டிருக்கிறார்கள்.

"ஏய், ஓடியாடி, வண்டி எடுக்கப் போறான்!" என்று கத்தினாள் சௌமியா. கூடவே சிரித்துக்கொண்டு அந்தப் புதுப் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டாள்.

சௌந்தர்யா ஓடிக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். ரயில் நகர்ந்தது. சௌமியாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, கண்கள் மட்டும் குழம்புவதை அவள் பார்த்தாள். பிறகு பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின.

அன்று பஸ்ஸில் போனாள். பள்ளிகொண்டாவில் காரணமே இல்லாமல் இறங்கிவிட்டாள். உட்கார முடியவில்லை. டோல்கேட் வரை நடந்தாள், திரும்பினாள், வேறு பஸ் பிடித்தாள். வேலூர் வந்தும் கல்லூரிக்குப் போகாமல் கோட்டையைச் சுற்றிப் போய், அகழிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சௌமியாவிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. பூவரசன் சொன்னபோது எரிச்சல்தான் வந்தது. இவள் சொன்னதை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

வீட்டில் இரண்டு நாள் மறைத்தாள். மூன்றாம் நாள் அமிர்தவள்ளியே கேட்டாள்.

"ட்ரெய்ன் பாஸ் இருக்கச்சொல்ல இன்னாத்துக்கு பஸ்ல போற?"

சொன்னாள். அம்மா தட்டைக் கீழே வைத்தாள்.

"இங்கிலீஷ்ல சொன்னா வலிக்காதுன்னு நெனச்சிட்டானுங்களா? நான் வர்றேன் நாளைக்கு. லீவு போட்டுட்டு வர்றேன்."

"நீ வராதம்மா. நான் பாத்துக்கறேன்."

"இன்னா பாத்துப்ப?"



அதற்குள் விஷயம் வேறு வழியில் போய்விட்டது. யாரோ ஒரு மாணவியின் அப்பா, துறைத் தலைவரான கன்னியப்பன் சாருக்குப் போன் செய்து, பொய் சொல்கிற, திருடுகிற, வீட்டை விட்டு ஓடுகிற பையனின் கதையை வயசுப் பெண்களுக்கு ஏன் நடத்துகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். சார் சௌந்தர்யாவை அறைக்கு அழைத்தார்.

"உக்காரும்மா. உனக்கு மனசு கஷ்டமாயிருக்கும், தெரியுது. அந்த நாவலே பேஜாரு புடிச்ச நாவல். ஃபாரின்லயே வேணாம்ங்கறான். நீ ஒண்ணு எழுதிக் குடு. இந்த நாவல் என் மனச புண்படுத்துது, நடத்தின விதமும் சரியில்லன்னு. நான் மேல அனுப்பிடறேன். அடுத்த வருஷம் சிலபஸ்ல இருந்தே தூக்கிடலாம்."

"பூவரசன என்ன பண்ணுவீங்க சார்?"

"சின்னப் பசங்க. பேசிக்கலாம். மொதல்ல காரணத்த எடுக்கணும்ல?"

நடத்தின விதம் என்றால் ஷர்மிளா மேடம் என்று வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. நேராக மேடத்திடம் போனாள். அவர் மரத்தடியில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எழுதணும்னு தோணுச்சுன்னா எழுது. எனக்காக யோசிக்காத" என்றார். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "தாண்டிப் போங்கன்னு சொன்னேன். ஏன் தாண்டணும்னு சொல்லாம விட்டுட்டேன். அதான் அவனுக்கு விளையாட்டாப் போச்சு."

"இந்தக் கதையில அப்படி என்ன மேடம் இருக்கு?"

"நீ படிக்கலையா?"

சௌந்தர்யாவுக்கு வெட்கமாக இருந்தது. வகுப்பில் வாசித்த பக்கங்களைத் தவிர மற்றதெல்லாம் வேலூர் பஜாரில் வாங்கிய கைடுதான். மேடம் தன் பையிலிருந்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் அதைப் படித்தாள். உட்கார்ந்து படிக்க முடியவில்லை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடந்துகொண்டே படித்தாள். வெயில் ஏறியபோது வீட்டுக்குள் நடந்தாள். அம்மா இரண்டு முறை, "தலை சுத்தப்போவுது, உக்காருடி" என்று அதட்டினாள்.

முதலில் அந்த வார்த்தை ஒவ்வொரு தடவையும் குத்தியது. பிறகு வேறு ஏதோ நடந்தது. அந்தப் பையன் ஒருநாள் விளையாட்டுக்கு அந்த மனிதரை ஏமாற்றுகிறான். அவர் அவனைத் திட்டவில்லை. செத்துப்போய்விட்டாயோ என்று உனக்காகத்தானே அழுதேன் என்கிறார். பையன் ரொம்ப நேரம் தவித்துவிட்டு அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கிறான். சௌந்தர்யா அந்த இடத்தில் நின்று இரண்டு முறை படித்தாள். கைடில் அதற்கு ஒரு வரிதான் இருந்தது.

கடைசிப் பகுதிக்கு வந்தபோது அவளுக்கு ரத்தம் கொதித்தது. அடைத்து வைக்கப்பட்ட அந்த மனிதரைச் சுலபமாக விடுவிக்கலாம். ஆனால் இன்னொரு பையன் வந்து சேர்ந்து, சாகசம் வேண்டும் என்று அவரை வைத்து ஆட்டம் காட்டுகிறான். மன்னிப்புக் கேட்ட அதே பையன் கூடவே நிற்கிறான். அவர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறார். நாவலாசிரியர் அதைச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தார்.

புத்தகத்தை வீசப்போனவள், அது மேடத்தினுடையது என்று நினைவு வந்து கட்டில் மேல் வைத்தாள். அப்புறம் மறுபடி எடுத்தாள்.

திங்கட்கிழமை கன்னியப்பன் சாரிடம் வெறும் கையோடு போனாள்.

"எழுதலையாம்மா?"

"புக்கு எனக்குப் பேரு வெக்கல சார். கிளாஸ்ல இருக்கறவங்கதான் வெச்சாங்க. புக்க எடுத்துட்டா அவங்க எங்க போயிடுவாங்க? எனக்கு இந்த நாவல்ல செமினார் குடுங்க. அதுக்கப்புறம் பூவரசன் மேல எழுதிக் குடுக்கறதா வேணாமான்னு சொல்றேன்."

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செமினார் என்றால் அவர் மறுக்க வழியில்லை; இன்டர்னல் மார்க்குக்கு எல்லோரும் செய்ய வேண்டியதுதான். "பிரச்சினை பண்ணக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை மதியம் அவள் வகுப்பின் முன்னால் நின்றாள். கன்னியப்பன் சார் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஜைக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். அவளால் அங்கே நிற்க முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடி பேசினாள். ஆங்கிலத்தில் தொடங்கினாள், பாதியில் தமிழுக்கு வந்துவிட்டாள். புத்தகத்தைத் தடை செய்தவர்கள் என்ன சொன்னார்கள், வைத்திருக்க வேண்டும் என்றவர்கள் என்ன சொன்னார்கள், வார்த்தையை மாற்றி அச்சடித்தது யாருக்கு வசதி என்றெல்லாம் சொன்னாள். பிறகு பக்கத்தைத் திறந்து, அன்று விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். அந்த வார்த்தை வந்ததும் நிறுத்தாமல், குரல் உயர்த்தாமல் அதை வாசித்தாள்.

யாரும் சிரிக்கவில்லை.

"இத எழுதினவர் அந்தப் பையன் வாயில போட்டாரு. அந்தப் பையன் வளந்த ஊர் அப்படின்னு காட்டறதுக்குப் போட்டாரு. அது எனக்குப் புரியுது. பூவரசன் எதுக்குச் சொன்னான்?"

பூவரசன் நெளிந்தான். "ஜோக்குக்குத்தான் சொன்னேன். நீ இவ்ளோ சீரியஸா எடுத்துப்பன்னு..."

"தெரியும். இந்தக் கதையோட கடைசியிலயும் அந்த மனுஷர வெச்சு ஜோக்குக்குத்தான் எல்லாம் பண்றாங்க. எழுதினவரும் சேந்து சிரிக்கிறாரு. அந்த எடம் எனக்குப் பிடிக்கல. இது பெரிய நாவல்தான், ஆனா அந்த எடத்துல எழுதினவரு தோத்துட்டாருன்னு நான் பரீட்சையிலயும் எழுதுவேன். அதுக்காக புக்க தூக்கிப் போடணும்னு நான் சொல்ல மாட்டேன். தூக்கிட்டா இத எங்க நின்னு சொல்றது?"

இன்னும் என்னவோ சொல்ல நினைத்திருந்தாள். மறந்துவிட்டது. சௌமியா தலையைக் குனிந்திருந்தாள். அப்படிக் கூப்பிட்டவர்களில் அவளும் ஒருத்தி என்று எல்லோர் முன்னாலும் சொல்லத்தான் சௌந்தர்யா வந்திருந்தாள். நாக்கு வரை வந்தும் அது வெளியே வரவில்லை. போய் உட்கார்ந்தாள். 

வகுப்பு முடிந்ததும் கன்னியப்பன் சார் பூவரசனை அறைக்குக் கூட்டிப்போனார். அவன் மன்னிப்புக் கடிதம் கொடுத்ததாகச் சொன்னார்கள். அவளிடம் நேரில் ஒன்றும் சொல்லவில்லை. குரூப்பில் அந்தப் பெயரைச் சொல்வது நின்றது. நாவல் பாடத்தில் தொடர்ந்தது, ஆனால் இனி வகுப்பில் வாய்விட்டு வாசிக்க வேண்டாம் என்று சார் உத்தரவு போட்டார். ஷர்மிளா மேடம் அந்த உத்தரவைப் படித்துவிட்டு, பெருமூச்சு விட்டு, கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சௌமியா ஆம்பூரில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். பழகிய இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவள் வந்ததில்லை. கூப்பிடும்போதெல்லாம் நேரமாகிவிடும் என்பாள்.

போனில் போட்டோ பார்த்திருந்ததால் அமிர்தவள்ளிக்கு யாரென்று தெரிந்தது. முகம் இறுகினாலும், "உள்ள வாம்மா" என்றாள்.

சௌமியா உள்ளே வந்து நின்றாள். "தப்புடி. நான் சொன்னது பெரிய தப்பு" என்றாள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். "எல்லாரும் சொல்றாங்க, நானும் சொன்னா இன்னான்னு... உனக்கு எப்படி இருக்கும்னு யோசிக்கவே இல்ல."

"நீ ஏன் ஒருநாளும் எங்க வீட்டுக்கு வரல?"



"எங்கம்மா வேணாம்னாங்க. நானும் சரின்னுட்டேன். உன்கிட்ட சொன்னா உனக்குக் கஷ்டமாயிருக்கும்னு சொல்லல."

இதை எதிர்பார்த்தேதான் சௌந்தர்யா கேட்டாள்.  அம்மா உள்ளே போய்த் தட்டில் சோறும் குழம்பும் போட்டுக்கொண்டு வந்தாள். சௌமியா தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். அவள் முதல் கவளத்தை வாயில் வைக்கிறாளா என்று தான் கவனித்துக்கொண்டிருந்ததை உணர்ந்து, சௌந்தர்யாவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோ பிடிக்க மெயின் ரோடு வரை கூடப் போனாள். ஞாயிற்றுக்கிழமையிலும் தோல் தொழிற்சாலைப் பக்கமிருந்து காரமான வாடை வந்தது. சௌமியா துப்பட்டாவை மூக்குக்குக் கொண்டுபோகப் பார்த்து, பாதியில் கையைக் கீழே விட்டாள். சௌந்தர்யா அதைப் பார்த்தாள்.

"மூடிக்கடி. எங்களுக்கே சில நாள் தாங்காது."

சௌமியா மூடவில்லை.

"எனக்கு இன்னும் கோவம் இருக்கு" என்றாள் சௌந்தர்யா. "அது எப்பப் போகும்னு எனக்கே தெரியல. நாளைக்கே பழையபடி இருக்கச் சொல்லாத."

"சொல்லல."

"உங்கம்மாகிட்ட எங்க வீட்ல சாப்ட்டேன்னு சொல்வியா?"

சௌமியா அவளைப் பார்த்தாள். "சொன்னா சண்டை வரும்" என்றாள். பிறகு, "சொல்றேன்" என்றாள்.

ஆட்டோ வந்தது. அவள் ஏறிப் போன பிறகும் சௌந்தர்யா வீட்டுக்குத் திரும்பவில்லை. சௌமியா போய்ச் சேர்ந்ததும் ஜோலார்பேட்டை வீட்டில் என்ன பேசுவார்கள், அவள் உண்மையாகவே வாயைத் திறப்பாளா, திறந்தால் அடுத்த ஞாயிறு வருவாளா என்று யோசித்தபடி, லாரிகள் போகிற ரோட்டோரமாகவே வேகவேகமாக நடந்துகொண்டிருந்தாள்.