சிறந்த பதில்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கசார்வாடி வீட்டில், ஜம்புநாதன் தன் மனைவியைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தான். கேள்வி-பதில் தளத்தின் கார் பிரிவில் அன்றைக்குத்தான் அவன் பெயர் முதலிடத்துக்கு வந்திருந்தது. கோயம்புத்தூரை விட்டு வடக்கே வந்த மூன்று வருஷமாக, சாகண் தொழிற்சாலையில் பிரேக் பாகங்களைச் சோதித்து அனுப்பும் அவனை யாரும் பெயர் சொல்லிப் பாராட்டியதில்லை. இந்தத் தளத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் நன்றி எழுதினார்கள்.

புள்ளி ஏறிய விதத்தை மட்டும் விசாலாக்ஷியிடம் அவன் சொல்லவில்லை. பதில் போட்டால் இரண்டு புள்ளி; அதுவே சிறந்த பதிலானால் பத்து. கேட்டவர் நான்கு நாளில் தேர்ந்தெடுக்காவிட்டால் ஓட்டெடுப்பு. அதற்கென்றே வேறு பெயர்களில் நான்கு கணக்குகள் வைத்திருந்தான். ஒவ்வொன்றாக நுழைந்து தன் பதிலுக்கே ஓட்டுப் போடுவான். கேள்வியைத் திரும்பப் படிப்பதில்லை. இதில் யாருக்கு என்ன கெட்டுவிடப்போகிறது என்றிருந்தான்.

ஒன்றைப் படித்துக் காட்டச் சொன்னாள் விசாலாக்ஷி. போன வாரத்தியதைத் திறந்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். ஒரு பெண் கேட்டிருந்தாள்: சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நின்றால் பெடல் மெல்லக் கீழே இறங்கிவிடுகிறது, ஆயில் குறையவில்லை, பிள்ளைகளைப் பள்ளிக்கு இதில்தான் கூட்டிப்போகிறேன், மாதக் கடைசிவரை ஓட்டலாமா? அதன் கீழே, பிரேக் என்று கண்ட இடத்திலெல்லாம் அவன் ஒட்டுகிற அதே பதில். காற்று புகுந்திருக்கும், பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்.

பாதியில் அவன் குரல் இறங்கிவிட்டது. அவன் தினமும் கையில் எடுத்துச் சோதிக்கிற, பெடலின் அழுத்தத்தைப் பிரேக்குக்குக் கொண்டுபோகும் மாஸ்டர் சிலிண்டர்தான் அந்த வண்டியில் பழுது; பிரேக் எந்த நேரமும் பிடிக்காமல் போகலாம்.

அடுத்த பதில் ஏதோ ஊர் மெக்கானிக் உடைந்த இங்கிலீஷில் எழுதியது. 'சிஸ்டர், மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. வண்டியை எடுக்காதே.' அதற்கு ஒரு ஓட்டு.

விசாலாக்ஷியும் அதைப் படித்தாள்.

"ஏனுங்க, இவரு எடுக்க வேண்டாங்கறாரு. எதுங்க நிசம்?"

"அவரு சொன்னதுதான்."

"அப்புறம் உங்களுக்கு எப்படி நாலு ஓட்டு உழுந்துச்சு?"

சொன்னான். அவள் திட்டவில்லை. கேள்வியை மறுபடி திரைக்குக் கொண்டுவந்தாள்.

"அந்தப் பொண்ணு அப்பறம் ஏதாச்சும் எழுதுச்சுங்களா?"

எழுதவில்லை. அவள் திரும்பி வராததால்தான் ஓட்டெடுப்பே நடந்தது. முடிந்த கேள்விக்குப் புதிதாகப் பதில் எழுதவோ பழையதை மாற்றவோ தளம் விடவில்லை. வண்டியை எடுக்காதீர்கள் என்று அவளுக்குத் தனியாக மெயில் அனுப்பினான். நான்கு கணக்குகளையும் அழித்தான். அவை போட்ட ஓட்டு மட்டும் நாலாகவே நின்றது. அந்த மெக்கானிக்கிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு எழுதினான். மறுநாளே பதில் வந்தது. 'பரவாயில்லை தம்பி. அந்தப் பெண் என் பதிலைப் பார்த்தாளா?'

வியாழக்கிழமை காலை கம்பெனி பஸ் நெடுஞ்சாலை சிக்னலில் நின்றது. கேள்வி கேட்ட பெண்ணிடமிருந்து இன்னும் ஒரு வரி இல்லை. ஜன்னலுக்குக் கீழே ஒரு சின்னக் கார். பின் சீட்டில் யூனிஃபார்ம் போட்ட இரண்டு பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓட்டுகிற பெண் திரும்பி அவர்களை அதட்டினாள். பச்சை விழும்வரை ஜம்புநாதன் தன் வலது காலை பஸ்ஸின் தரையில் அழுத்தி ஊன்றியபடியே இருந்தான்.