இரண்டாவது எடைக்கு யார் பொறுப்பு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணியைக் கிண்டல் செய்யத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். அண்ணி கம்பெனிகளுக்கு மென்பொருள் விற்கிறார். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடாது. "அண்ணி, கடைக்குப் போறீங்களா?" என்று கேட்டால், "இப்பவே போகவா, சாயந்திரம் போகவா, இல்ல நீயே போறியா? மூணுல ஒண்ணு சொல்லு" என்பார். நான்தான் போவேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: 'விற்பனைக்காரர்களின் புன்னகைக்குப் பின்னால் எப்போதும் ஒரு'

(அடித்துவிட்டேன். வேலை நேரத்தில் அண்ணி சிரித்து நான் பார்த்ததே இல்லை.)

2.

அண்ணியின் மென்பொருளை மூன்று விதமாக வாங்கலாம். மொத்தமாக விலை கொடுத்துச் சொந்தக் கணினியில் வைத்துக்கொள்ளலாம். மாதச் சந்தா கட்டி இணையம் வழியாகப் பயன்படுத்தலாம். இல்லையென்றால், பயன்படுத்திய அளவுக்கு மட்டும் கட்டலாம். எது யாருக்குப் பொருந்தும் என்று கண்டுபிடிப்பதில் அண்ணி கில்லாடி. விலைப்பட்டியலை வெளியே எடுக்கும் முன், "ஒரு நாற்காலி போடுங்க, போதும்" என்று சொல்லி அரைநாள் அங்கேயே உட்கார்ந்து வேலையைப் பார்ப்பார்.*

அப்படித்தான் மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் ஒரு சலவைக்கூடத்தில் ஒரு காலை முழுக்க உட்கார்ந்தார். வேலை சில மாதம் குவியும், சில மாதம் ஈயோட்ட வேண்டியிருக்கும். அதனால் மூன்றாவது வழியைச் சொன்னார்: தராசில் வைக்கும் மூட்டையின் எடையை மென்பொருள் ஒரு தடவை பதிந்தால் ஒரு கட்டணம். முதலாளிக்கு ரொம்பப் பிடித்துப்போய் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

* படித்துவிட்டு அண்ணி சொன்னது: "கில்லாடியாவது ஒண்ணாவது. கீழ படி, அசடு வழியப்போறேன்."

3.

மறுவாரம் மென்பொருளைக் கற்றுக்கொடுக்க அண்ணி மத்தியானமாகப் போனார். எடை போடும் அம்மா, வெளுத்து உலர்ந்த மூட்டையைத் தூக்கி மறுபடியும் தராசில் வைத்தார்.

"அக்கா, இது காலைலயே போட்ட மூட்டைதானே?"

"ஆமா மேடம். அது அழுக்கு எடை, இது வெளுத்த எடை. ரெண்டும் பதிஞ்சாத்தான் எனக்கு நிம்மதி."

இரண்டு வருடத்துக்கு முன் விரிப்புகள் குறைகின்றன என்று ஒரு மருத்துவமனை புகார் சொன்னதாம். எல்லோர் முன்னாலும் இந்த அம்மாவின் கைப்பையைத் திறந்து பார்த்தார்களாம். பையில் சாப்பாட்டு டப்பாதான் இருந்தது. அன்றிலிருந்து இரண்டு எடை.

பக்கத்தில் நின்ற முதலாளிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்போ கட்டணம் ரெண்டு மடங்கா? இனிமே ஒரு தடவை போட்டாப் போதும்மா."

"நாளைக்குத் துணி குறையுதுன்னா, மறுபடி என் பையைத்தானே தொறப்பீங்க?"

முதலாளி கால்குலேட்டரைத் தேடி எடுத்தார்.

(இந்த இடத்தில் அவரைக் கல்நெஞ்சக்காரராக்கி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அண்ணி விடவில்லை. "அவரை ஏன்டா வில்லனாக்குற? செலவு பாக்காம தொழில் நடத்த முடியுமா? தப்பு என்னோடது. காலைல மட்டும் பாத்துட்டு எழுந்து வந்துட்டேன்.")

4.

அண்ணி விலைப்பட்டியலை எடுத்து, அச்சடித்த மூன்று வழிகளுக்குக் கீழே பேனாவால் நாலாவதாக ஒன்று எழுதினார்: 'மூட்டைக்கு ஒரு கட்டணம். எத்தனை தடவை எடை போட்டாலும் சரி.' அங்கிருந்தே தன் மேலாளருக்குப் போன் போட்டார்.

"மூணுதாம்மா இருக்கு. நாலாவதுன்னு ஒண்ணு கிடையாதே."

"இருந்தா நான் ஏன் சார் கையால எழுதுறேன்?"

"ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டுமே. எல்லாருக்கும் இது தேவைன்னா, நம்ம பட்டியல்லதான சார் கோளாறு?"

"சரி, அனுப்பிவைங்க. பாக்கலாம்."

அண்ணி போனை வைத்துவிட்டு அந்த அம்மாவிடம் திரும்பினார். "நீங்க போடுங்கக்கா. பதில் வர்ற வரைக்கும் ரெண்டாவது எடை என் பொறுப்பு."

பொறுப்பு என்றால், அந்தக் கட்டணத்தை அண்ணி தன் கமிஷனிலிருந்து கட்டுவது. இதை அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிண்டல் கதை அங்கேயே படுத்துவிட்டது.

5.

ஒரு முடிவு எழுதினேன். மேலாளர் கையெழுத்துப் போடுகிறார், சலவைக்கூடமே கைதட்டுகிறது. அண்ணி படித்தார். "அவரே இன்னும் போடல. நீயா போட்டுட்டியா?"

இன்னொன்று எழுதினேன். மேலாளர் மறுக்கிறார், அண்ணி ராஜினாமா செய்கிறார். "வேலைய விட்டுட்டு உங்கண்ணன் மூஞ்சியப் பாத்துட்டு உக்காரவா?"

இரண்டும் குப்பைக்குப் போயின. பட்டியலை அனுப்பிப் பதினோரு நாளாகிறது. பதில் வரவில்லை. அந்த மேலாளரை எனக்குத் தெரியாது. அதனால் அவர் நாற்காலியில் உங்களை உட்கார வைக்கிறேன். நீங்கள் கெட்டவர் இல்லை. உங்களுக்கும் மேலே பதில் சொல்ல ஆள் இருக்கிறது. எல்லோரும் கேட்பார்கள் என்ற உங்கள் பயமும் நியாயமானதுதான்.

என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் குறுக்கே வரவில்லை. ஆனால் முடியாது என்பதுதான் பதில் என்றால், அதை அண்ணிக்கு அனுப்பாதீர்கள். ஒரு மத்தியானம் சலவைக்கூடத்துக்குப் போய், அந்த அம்மா மூட்டையைத் தூக்கும்போது, முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லிவிடுங்கள்.