சும்மா விட்ட நிலம்

புனோம்பென்னிலிருந்து பணம் கொடுக்கும் அறக்கட்டளைக்காரர் வருவதென்றால் புல் பச்சைப்பசேலென்று இருக்கும்போது வரக்கூடாதா? மாசி மாதத்து வெயிலில் வந்து நின்றார் ப்ரசேத். தொன்லே சாப் ஏரி பின்வாங்கிப் போய், ஐப்பசியில் படகு ஓடிய இடத்தில் தரை வெடித்துக் கிடந்தது. போதாக்குறைக்கு, அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த மாலிஸ் ஒரு பகுதியைக் கொளுத்தி வேறு வைத்திருந்தாள்.

கொளுத்துவதும் அவளுடைய ஆராய்ச்சிதான். ஒரு துண்டு நிலத்தில் தீ, இன்னொன்றில் எருமை மேய்ச்சல், மூன்றாவதைத் தொடாமல் சும்மா விட்டிருந்தாள். அழிந்துகொண்டிருக்கும் புல்வெளிப் பறவையான வரகுக்கோழி எந்தத் துண்டைத் தேடி வருகிறது என்று பார்த்து ஏரியோர ஊர்களுக்குச் சொல்ல வேண்டும். இன்னும் இரண்டு வருடத்துக்கு ப்ரசேத் பணம் தராவிட்டால் குத்தகை முடிந்து, நிலம் கோடை நெல் போடும் கம்பெனிக்குப் போய்விடும். அவர்கள் கரை கட்டினால் பிறகு வெள்ளமும் வராது, பறவையும் வராது.

கருகிய துண்டைப் பார்த்ததும் ப்ரசேத்தின் முகம் சுண்டிப்போனது. "பாதுகாக்கத்தானேம்மா பணம் குடுத்தோம்? சுடுகாடு மாதிரி பண்ணி வெச்சிருக்கீங்க!"

மூன்றாவது துண்டுக்கு வந்ததும் மனிதர் மலர்ந்துவிட்டார். ஆள் உயரத்துக்குப் பச்சை, நடுநடுவே இளஞ்சிவப்புப் பூ. "ஆகா! இதும்மா பாதுகாப்பு. இதுக்கு எவ்வளவு வேணும்னாலும் தரலாம்" என்று படம் பிடித்துக்கொண்டார்.

உதவியாளன் வுத்தி அவள் காதருகே வந்தான். "அக்கா, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. காசு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

மாலிஸுக்கும் அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆசை யாரை விட்டது? ஆனால் அப்படி வாங்கும் பணத்தில் அந்தப் பச்சைக்குள் இருக்கும் முள்ளைத்தான் வளர்க்க முடியும் என்று நினைத்ததுமே மனசு தெளிந்துவிட்டது.

"ஐயா, அது தோத்துப்போன துண்டு."

"என்னம்மா சொல்றீங்க?"

"உள்ள போய்ப் பாருங்க."

அந்தப் பச்சைச் செடியை அந்த ஊரில் யட்சத் தொட்டாச்சுருங்கி என்பார்கள். இலை சுருங்குமே தவிர முள் விடாது. நாலடி வைப்பதற்குள் ப்ரசேத்தின் சட்டையை முன்னும் பின்னும் பிடித்துக்கொண்டது. "அடேய், எடுங்கப்பா!" என்று அலறினார். வுத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு அரிவாளோடு ஓடினான்.

வெளியே வந்தவரிடம் மாலிஸ் சொன்னாள்: "நீங்களே போக முடியல, பறவை எங்க கூடு கட்டும்? சும்மா விட்டா இந்தப் புல்வெளி செத்துடும். அதைத் தெரிஞ்சுக்கத்தான் உங்க பணம் செலவாச்சு, தெரிஞ்சுபோச்சு. கருகின எடத்துல குனிஞ்சு பாருங்க, தளிர் விட்டிருக்கு. போன வருஷமும் அங்க கொளுத்தினோம், பங்குனில ஆண் பறவை பெட்டையைக் கூப்பிட்டு அங்கதான் எகிறி எகிறி ஆடுச்சு. எந்த மாசம் கொளுத்தறது நல்லதுன்னு மட்டும் இன்னும் தெரியல. அதுக்குத்தான் ரெண்டு வருஷம் கேக்கறேன். இந்தப் பச்சைக்குத்தான் பணம்னா எனக்கு வேண்டாங்கய்யா."

வுத்தி கண்ணை மூடிக்கொண்டான்.

ப்ரசேத் கருகிய துண்டுக்குத் திரும்பி நடந்தார். குந்தி உட்கார்ந்து, சாம்பலை விரலால் விலக்கித் தளிரைப் பார்த்தார்.

"எங்கிட்ட பணம் வாங்கினவங்க ஒருத்தரும் இது தோத்துப்போச்சுன்னு காட்டினதே இல்லம்மா" என்றார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "சரி, நாம அடுத்ததா எதைக் கொளுத்தப் போறோம்?"

மாலிஸ் அந்தப் பச்சையைக் கை காட்டினாள்.

"இதைத்தான். முதல்ல வெட்டிக் காயப்போடணும். இன்னைக்கே ஆரம்பிச்சிடலாமா?"