திரும்ப வாங்கிய பீன்ஸ்

இருபத்திரண்டு வருஷமாக மின்விசிறித் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருக்கிறேன். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம். இறக்கை ஒரு மில்லிமீட்டர் கோணினாலும் சிவப்பு முத்திரை குத்தி ஓரம் தள்ளிவிடுவேன். அதனால் தொழிற்சாலையில் எனக்கு ‘ரிஜெக்ட் அக்கா’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அந்த மட்டும் மரியாதை இருக்கிறது.

இந்தக் கோடையில் நான் என் கையால் அடைத்த இருபத்து நான்கு பாட்டில் பீன்ஸை நானே ரிஜெக்ட் செய்ய வேண்டி வந்தது. குறை பெரிதாக ஒன்றுமில்லை. சாப்பிட்டால் ஆள் செத்துப்போகலாம், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் பின்னால் நான்கு கட்டில் போடும் அளவுக்கு ஒரு தோட்டம் உண்டு. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட விசிறிக் கம்பி வலைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டி, அதில் பீன்ஸ் கொடியை ஏற்றியிருந்தேன். நான் ரிஜெக்ட் செய்த வலைகள்தான். கொடி அதைப் பொருட்படுத்தவில்லை. பக்கத்துப் பாத்தியில் தக்காளி. வெயில் ஏற ஏற இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு காய்த்தன.

முதலில் தக்காளியை அடைத்தேன். வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து, கண்ணாடி பாட்டிலில் நிரப்பி, ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, மூடியைத் திருகி, பெரிய பாத்திரத்தில் தண்ணீருக்குள் முழுக வைத்து முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டேன். வெளியே எடுத்து ஆறவைத்தால் மூடியின் நடுப்பகுதி ‘டக்’கென்று உள்ளே இறங்கும். இறங்கிவிட்டால் காற்று புகாது, கெடாது. அந்த ‘டக்’ சத்தத்துக்கு நான் அடிமையாகிவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு பீன்ஸ். அது காய்க்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. பச்சையாகவே பை பையாகக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு வாரத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் என்னைக் கண்டால் செருப்பை உள்ளே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். எனவே தக்காளிக்குச் செய்ததையே பீன்ஸுக்கும் செய்தேன். அதே பாத்திரம், அதே முக்கால் மணி நேரம். எலுமிச்சை மட்டும் விடவில்லை. பீன்ஸுக்கு எதற்குப் புளிப்பு என்று நினைத்தேன். இருபத்து நான்கு மூடியும் ‘டக்’கென்று இறங்கின. தேதி, வரிசை எண் எல்லாம் எழுதி லேபிள் ஒட்டினேன்.

பதினொன்றை மழைக்காலத்துக்கு என்று பரணில் வைத்தேன். தங்கைக்கு நான்கு, கொழுந்தனார் வீட்டுக்கு நான்கு, எங்கள் மேலாளருக்கு இரண்டு. மூன்று பாட்டில்களில் லேபிள் கோணலாக ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த மூன்றையும் நாத்தனாருக்கு ஒதுக்கினேன்.

என் கணவரின் அக்கா அவர். தனியாக இருக்கிறார், மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. அவர் வீட்டு வாசலை நான் மிதித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. கடைசியாகப் போனபோது, சாப்பிட்டு முடித்து நான் கழுவி வைத்த தட்டை எடுத்து, என் கண் முன்னாலேயே மறுபடி கழுவினார். என்னையே ரிஜெக்ட் செய்தார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அன்றோடு பேச்சு நின்றது. என் கணவர் மட்டும் மாதம் ஒருமுறை போய்வருவார். அவர் பேருந்து ஓட்டுநர். ‘ஓட்டுநருடன் பேசாதீர்’ என்று பேருந்தில் மாட்டியிருக்கும் பலகையை வீட்டிலும் மதிப்பவர். பாட்டில்களைக் கொடுத்தேன். கொண்டுபோனார். வெறுங்கையோடு வந்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

பரணில் இருந்து ஒன்றை எடுத்துப்போய்த் தொழிற்சாலை முதலுதவி அறையில் இருக்கும் நர்ஸுக்குக் கொடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

“பிரஷர்ல வச்சு அடைச்சீங்களா?” என்றார் நர்ஸ்.

“இல்ல, தண்ணியில கொதிக்க வச்சேன். தக்காளிக்குச் செஞ்ச மாதிரியே.”

நர்ஸ் பாட்டிலை மேசையின் அந்தக் கோடிக்கு மெதுவாக நகர்த்தினார். “தக்காளி புளிப்பு. கிருமி தாங்காது. பீன்ஸுக்குப் புளிப்பு கிடையாதே அக்கா. மண்ணுல ஒரு கிருமி இருக்கு, கொதிக்கிற தண்ணிக்கெல்லாம் அது சாகாது. காத்து இல்லாத பாட்டிலுக்குள்ள உக்காந்து விஷத்தைச் சுரக்கும்.”

“மூடி நல்லா இறங்கியிருக்கே?”

“இறங்கித்தான் இருக்கும். வாசனை வராது, ருசி மாறாது. சாப்பிட்டா கண் இமை தொங்கும், ஒண்ணு ரெண்டாத் தெரியும், விழுங்க முடியாது. அப்புறம் மூச்சு நிக்கும். திறந்ததும் பத்து நிமிஷம் நல்லாக் கொதிக்க வச்சுச் சாப்பிட்டிருந்தா தப்பிச்சாங்க. எத்தனை பேருக்குக் குடுத்தீங்க?”

நான் விரல்விட்டு எண்ணினேன்.

தவறான சரக்கு வெளியே போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கு எங்கள் தொழிற்சாலையில் ஒரு முறை உண்டு. வரிசை எண்படி ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் வேலை முடியவில்லை என்று அர்த்தம். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்த கையோடு மேலாளரிடமே பீன்ஸைப் பற்றிக் கேட்டேன். அவர் இழுப்பறையைத் திறந்து இரண்டு பாட்டிலையும் எடுத்து வைத்தார். “பத்திரமா வச்சிருந்தேன்மா,” என்றார். ஒரு மாதமாகக் காகிதங்களுக்கு நடுவில் பத்திரமாக இருந்திருக்கிறது.

என் கணவருக்கு அன்று விடுமுறை. காரை எடுத்துக்கொண்டு வந்தார். முதலில் தங்கை வீடு.

“பீன்ஸா? பிரமாதம் அக்கா! வந்த அன்னைக்கே நாலும் காலி. அவர்கூட இன்னும் இருக்கான்னு கேட்டார்.”

அவள் முகத்துக்கு நேரே இரண்டு விரலை நீட்டி எத்தனை என்று கேட்டேன். இமையைத் தூக்கிப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் தங்கை கணவர் எழுந்து உள்ளே போய், மாடிப்படிக்குக் கீழிருந்து நான்கு பாட்டிலையும் கொண்டுவந்து வைத்தார். மூடிகூடத் திறக்கவில்லை. “மனசு கஷ்டப்படுமேன்னுதான் அக்கா,” என்றாள் தங்கை. உயிரோடு இருப்பவளிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

கொழுந்தனார் வீட்டிலும் “தேன் மாதிரி இருந்தது அண்ணி” என்றுதான் ஆரம்பித்தார்கள். மூன்று பாட்டில் துணி அலமாரியில் இருந்தது. நான்காவதை ஓரகத்தி தன் வாடகை வீட்டுக்காரம்மாவுக்குக் கொடுத்திருந்தாள். வீட்டுக்காரம்மா தன் சம்பந்திக்கு. சம்பந்தி ஒரு எலெக்ட்ரீஷியனுக்கு. எலெக்ட்ரீஷியன் வேறு யாருமில்லை, என்னைக் கண்டால் கதவைச் சாத்தும் எதிர்வீட்டுக்காரர்தான். யாரும் திறக்கவில்லை. நான்கு வீடு சுற்றியும் என் லேபிள் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது.

நர்ஸுடையதையும் பரணில் மிச்சமிருந்த பத்தையும் சேர்த்து இருபத்தொன்று கைக்கு வந்துவிட்டது. ஒரு மனுஷி மனம் நொந்துபோக இது போதும். ஆனால் நொந்துகொள்ள நேரமில்லை. மூன்று பாக்கி.

நாத்தனார் வீட்டு மாடிப்படி ஏறும்போது, கடவுளே, இவராவது என்னை மதிக்காமல் தூக்கி எறிந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கதவைத் திறந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன, வழி தவறி வந்துட்டியா?”

“அண்ணி, அந்த பீன்ஸ் பாட்டில் மூணும் எங்க இருக்கு?”

“கழுவிக் கவுத்து வச்சிருக்கேன். எடுத்துட்டுப் போக வந்தியா?”

சமையலறை மேடையில் மூன்றும் பளபளவென்று காலியாக இருந்தன.

“நிஜத்தைச் சொல்லுங்க அண்ணி. கொட்டிட்டீங்கதானே? நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். கொட்டியிருந்தா ரொம்ப சந்தோஷப்படுவேன்.”

“எதுக்குக் கொட்டணும்? சாப்பிட்டேன். ரெண்டு முன்னாடியே ஆயிடுச்சு. கடைசி பாட்டில் நேத்து மத்தியானம்.”

“கொதிக்க வச்சா?”

“பாட்டில்ல வந்ததை எதுக்குக் கொதிக்க வைக்கறது? முள்கரண்டியால அப்படியே.”

அந்த நேரத்திலும் “எப்படி இருந்தது?” என்று என் வாய் கேட்டுவிட்டது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

“கொளகொளன்னு இருந்தது. உப்பு போதலை.”

“பின்ன எதுக்கு மூணையும் சாப்பிட்டீங்க?”

“ஆறு வருஷத்துல முதல் தடவையா உன் கையால ஏதோ வந்திருக்கு. எப்படி இருந்ததுன்னு நீ போன் பண்ணிக் கேப்பேன்னு நினைச்சேன். சாப்பிடாம பதில் சொன்னா பொய்யாயிடும்ல?”

நான் போன் பண்ணவில்லை. ஒரு மாதத்தில் ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

“அக்கா, கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்,” என்றார் என் கணவர். அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

அவசரப் பிரிவு டாக்டர் நன்றாகப் பரிசோதித்தார். இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஆனால் அறிகுறி பெரும்பாலும் மூன்று நாளைக்குள் தெரியும், பத்து நாள் வரைகூட ஆகலாம், அதுவரை கூட ஒருவர் இருந்து கவனிக்க வேண்டும், பார்வையோ விழுங்குவதோ கொஞ்சம் மாறினாலும் ஓடிவர வேண்டும் என்றார். நான் பத்து நாள் விடுப்பு போட்டுவிட்டு ஒரு பையோடு நாத்தனார் வீட்டுக்குப் போனேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விரலை நீட்டினேன். “எத்தனை அண்ணி?”

“எத்தனைன்னு ஊரைக் கேட்டுச் சம்பளம் வாங்கறவ நான். என்னையே கேக்கறியா? ரெண்டு.”

“நான் ரெண்டாத் தெரியறேனா?”

“ஒருத்தியே எனக்குத் தாங்கல.”

மறுநாள் காலை அவர் இடது இமை கொஞ்சம் இறங்கியிருந்தது. என் உயிரே போய்விட்டது. என் கணவருக்கு போன் போட்டு, “உங்க அக்காவுக்கு இடது இமை இறங்கிடுச்சு!” என்று கத்தினேன்.

“பிறந்ததுலேர்ந்தே அப்படித்தான்,” என்றார்.

அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்தாறு வருஷம். ஒரு மில்லிமீட்டர் கோணலைப் பத்தடி தூரத்திலிருந்து பிடிப்பவள் என்று பெயர் வாங்கியவள் நான். நாத்தனார் எழுந்து போய், தான் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு அதே தட்டை எடுத்து மறுபடி கழுவினார். டம்ளரையும் அப்படியே. பழக்கம். ஆறு வருஷமாக நான் பாதுகாத்துவந்த கோபத்துக்கு அடியில் இருந்த ஒரே ஆதாரமும் தொட்டியில் தண்ணீரோடு போயிற்று.

அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விஷம் சாப்பிட்டவர் நன்றாகச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் காலை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் நின்று இரண்டு விரலை நீட்டினேன். எத்தனை என்று கேட்பதற்குப் பதிலாக வேறு என்னவோ வந்தது.

“அண்ணி, லேபிள் கோணலா இருந்ததாப் பொறுக்கித்தான் உங்களுக்கு அனுப்பினேன். நல்லதையெல்லாம் மத்தவங்களுக்குக் குடுத்தேன். அவங்க ஒருத்தரும் தொடக்கூட இல்ல. தப்பு என்னோடது. ஒரு தட்டுக்காக ஆறு வருஷம் உங்களைத் தனியா விட்டதும் தப்பு. என்னை மன்னிச்சிடுங்க.”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எத்தனை விரல் அண்ணி?”

“தெரியல.”

“சரியாப் பாருங்க. எத்தனை?”

“மங்கலா இருக்கு. தெரியல.”

செருப்பைக்கூடப் போடவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்கி, வந்த டாக்ஸியில் தள்ளினேன். வழியெல்லாம் வேகமாப் போங்க, வேகமாப் போங்க என்று டிரைவரை நச்சரித்தேன். நாத்தனார் செத்துவிட்டால் நான்தான் கொன்றவள். எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது, இப்போதுதான் எனக்குக் கிடைத்திருக்கிறார், அதற்குள்ளாகவா என்பது.

அதே டாக்டர்தான் இருந்தார். கண்ணில் விளக்கு அடித்தார். பேனாவை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். நாத்தனார் மடக்கு மடக்கென்று குடித்து முடித்தார்.

“எப்பலேர்ந்து மங்கலாத் தெரியுது?”

“இவ மன்னிப்பு கேட்டதுலேர்ந்து,” என்றார் நாத்தனார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு பஞ்சு எடுத்து நாத்தனாரிடம் நீட்டினார். “கண்ணுல தண்ணி நிக்குதும்மா. தொடைங்க. வேற ஒண்ணும் இல்ல.” துடைத்த பிறகு மூன்று விரலை நீட்டினார்.

“மூணு. நடுவிரல்ல மை பட்டிருக்கு.”

“பயப்பட ஒண்ணுமில்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இன்னும் ஏழு நாள் மட்டும் கூட இருந்து பாத்துக்கணும்,” என்று என்னிடம் சொல்லிவிட்டு டாக்டர் சீட்டை எடுத்தார்.

நாத்தனார் பஞ்சைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே இருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

“ஏழு நாள் போதுமா டாக்டர்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க,” என்றார் நாத்தனார்.

“தாராளமாப் போதும்மா.”

“பதினஞ்சுன்னு எழுதுங்க,” என்றேன் நான்.