பல்செட் மாவில் செய்த முட்டைகள்

ஜனவரி ஒன்பதாம் தேதி காலை, இரண்டாம் மாடி வீட்டின் முன்னறைக் கூண்டில் ஒரு காக்கட்டீல் கிளி முதல் முட்டையை இட்டது. கூண்டில் வேறு பறவை இல்லை.

அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் பறவை வளர்த்ததில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டும் கணவர்தான் அதை வாங்கி வந்து, தலையில் இருந்த மஞ்சள் கொண்டையைப் பார்த்துக் கொண்டைக்காரி என்று பேர் வைத்தார். மனைவிக்குப் பல்செட் செய்யும் பட்டறையில் வேலை. காலையில் போனால் இருட்டும்போதுதான் திரும்புவாள். முட்டையைப் பார்த்து, "ஆம்பளையே இல்லாம எப்படி?" என்று சிரித்தாள். கோழி இடுவதில்லையா, அதுபோலத்தான் என்றார் அவர். பிறகு ஒருநாள் அவள் கேட்டபோது, இன்னொன்று இட்டதோடு நின்றுவிட்டது என்றார். அவள் நம்பினாள்.

மார்ச்சில் ஒரு மாலை, கிளி கூண்டின் அடித்தட்டில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கியது. அட்டைப்பெட்டியில் துண்டு விரித்து இருவரும் அதைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள்.

மருத்துவர் அதன் அடிவயிற்றை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "முட்டை அடைச்சிருக்கு. இதுவரைக்கும் எத்தனை போட்டுச்சு?"

"ரெண்டு," என்றாள் மனைவி.

"ரெண்டு போட்ட உடம்பாம்மா இது? சுண்ணாம்புச் சத்தே சுத்தமா இல்லையே."

கணவர் பிடரியைச் சொறிந்தார். "ஒரு பதினஞ்சு இருக்கும் டாக்டர்."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடைக்கு உட்கார்ந்துட்டா என்னைக் கிட்டயே சேர்க்க மாட்டேங்குது. சீறுது, கடிக்குது. முட்டைய எடுத்துட்டா பழையபடி தோள்ல வந்து உட்காரும்னு, போடப் போட எடுத்துட்டேன்."

"எடுத்தா, காணோமேன்னு இன்னொண்ணு போடும். முதுகுல தடவிக் குடுப்பீங்களோ?"

"தினமும். அதுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"பிடிக்காம? உங்களைத்தான் ஜோடின்னு நெனச்சுக்கிட்டிருக்கு. இனிமே தலையைத் தவிர வேற எங்கயும் தொடாதீங்க."

கிளியை உள்ளறைக்குக் கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் நாயோடு காத்திருந்தவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். மனைவி உட்காரவில்லை.

"சக்களத்திக்குப் பிரசவம் பார்க்க நான் துண்டோட வந்து நிக்கிறேன்."

"மெதுவாப் பேசு."

"ஏன் மெதுவா? பச்சைப் பொய்ய என் மூஞ்சியப் பார்த்துத்தானே சொன்னீங்க?"

"அது சாகட்டும்னா எடுத்தேன்?"

"உங்க தோள்ல உட்காரணும்னு எடுத்தீங்க. அது உடம்பை உருக்கி உருக்கிப் போட்டுக்கிட்டிருந்துச்சு. நீங்க அள்ளி அள்ளிக் குப்பையில போட்டுக்கிட்டிருந்தீங்க."

"தெரியாமதானேடி..."

"எடுத்தது தெரியாம. மறைச்சது?"

அவருக்கும் சுர்ரென்று ஏறியது. "என்னைக்காவது அதுக்கு ஒரு வாய்த் தண்ணி வெச்சிருப்பியா? பெரிசா பேச வந்துட்ட."

"வெச்சிருந்தா எண்ணியாவது இருப்பேன்."

நாய்க்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. கிளி பிழைத்துவிட்டது. எடுத்த முட்டையைப் பஞ்சில் வைத்து நீட்டியபடி மருத்துவர் சொன்னார்: "இன்னொண்ணு வரும். அதை எடுக்காதீங்க. பக்கத்துல நாலு பொய் முட்டை வைங்க. உட்கார்ந்து உட்கார்ந்து சலிச்சு, தானா எழுந்துடும். எடுத்தீங்கன்னா மறுபடி ஆரம்பிக்கும். அடுத்த தடவை அது தாங்காது."

மறுநாள் பட்டறையில் மனைவி அந்த முட்டையைப் பிளாஸ்டரில் அழுத்தி அச்செடுத்தாள். பல் நிற அக்ரிலிக் மாவைக் குழைத்து ஊற்றி, நான்கு முட்டைகள் வார்த்து, பல்லைத் தேய்ப்பது போலவே தேய்த்துப் பளபளப்பாக்கினாள்.

"யார் வாய்க்கும்மா இது?" என்று கேட்டார் முதலாளி.

"வாய்க்கு இல்லீங்க. கை சும்மா இருக்காத ஒருத்தருக்கு."

அந்த வாரமே கிளி இன்னொரு முட்டை இட்டது. அவள் நான்கையும் அதன் பக்கத்தில் வைத்தாள். சுண்ணாம்புச் சத்துக்காகக் கொத்தித் தின்னக் கம்பியில் கணவாய் மீன் ஓடு ஒன்றைக் கட்டினாள். கூண்டுக் கதவில் சின்னப் பூட்டு ஒன்று தொங்கியது. கிளி ஐந்தின் மேலும் உட்கார்ந்தது. கணவர் அந்தப் பக்கம் போனபோதெல்லாம் சீறியது. கிளியும் மனைவியும் அதே சீறலைத்தான் சீறுகிறார்கள் என்று அவர் தன் பேருந்தின் கண்டக்டரிடம் புலம்பினார்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை, கிளி முட்டைகளை விட்டுவிட்டு மேல்கம்பிக்கு ஏறிப்போய்த் தினை கொறித்தது. அதற்குப் பிறகு அது முட்டை இடவில்லை. காலையும் மாலையும் மனைவியே தீனி வைக்கிறாள். பூட்டின் சாவி அவள் கைப்பையில் இருக்கிறது.