இடப்பக்கம் சரிந்த வீடு

1951 ஆனி பதினேழாம் தேதி, இனயம் கடற்கரை ஊரில் மத்தியாஸ் என்ற மீனவருக்கு இடப்பக்கம் வாதம் விழுந்தபோது அவர் வீட்டுத் தரையும் சேர்ந்து சரிந்தது. அவர் எப்படித் திரும்பினாலும் அவருடைய இடக்கைப் பக்கம் ஒரு சாண் பள்ளமாகும். கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். வெளியே குமிழி நடுவில் நின்றது. உள்ளே ஓரமாய்ப் போய் ஒட்டிக்கொண்டது. அஸ்திவாரத்தில் குறையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி கிளாரா பானைகளை உறியில் ஏற்றினாள். அடுத்த வீட்டுத் தேவகனி, "ஒனக்கு என்னட்டி, அவரு பொரண்டு படுத்தாப் போரும், கஞ்சி வடிக்க பானைய சரிக்காண்டாம்" என்றாள். அந்த வருடம் கிளாரா சிரித்தது அந்த ஒருமுறைதான்.

வைத்தியர் யேசுரத்தினம் எண்ணெய் தேய்த்து உழிச்சல் முடித்து, வீட்டுக்குள் இடுப்புயரத்தில் இரண்டு மூங்கில் கட்டி நடுவில் நடக்கச் சொன்னார். மகள் லீமாவைக் கல்யாணத்துக்குக் கோயில்வரை தானே நடத்திக் கூட்டிப்போவதாக மத்தியாஸ் வாக்குக் கொடுத்திருந்தார். கிளாரா தினமும் அவர் வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"கீழ பாக்காதயும். மேட்டுப் பக்கம் சாஞ்சி, பைய எடுத்து வையும்."

"ஏட்டி, இது காலா, நனஞ்ச வலையா?"

முதல் ஆண்டில் நான்கு எட்டு. இரண்டாம் ஆண்டு முடிவில் மூங்கிலைத் தொடாமல் சுவருக்குச் சுவர் நடந்தார். கல்யாணத்தை 1954 தைக்குக் குறித்தார்கள்.

அன்று காலை மத்தியாஸ் புதுவேட்டி கட்டி, கம்பில்லாமல் வாசற்படி தாண்டினார். வெளியே மண் மட்டமாக இருந்தது. பழகிய சாய்வோடு வலப்பக்கம் போய் விழுந்தார். அவர் கால் வெளியே பட்ட நொடியில் வீட்டுத் தரையும் மட்டமானது. பின்னால் வந்த கிளாரா உள்ளே அதே பக்கம் விழுந்தாள். மூன்று முறை தூக்கி நிறுத்தினார்கள். மூன்று முறையும் அப்படியே ஆயிற்று. "வெளிய வச்சு நடத்தியிருக்கணும். எனக்குத் தோணல்ல" என்றார் வைத்தியர். கோயில் மணி இரண்டாம் முறை அடித்தது. "நீ போ மக்கா" என்றார் மத்தியாஸ், மண்ணில் கிடந்தபடியே. லீமா மாமன் கபிரியேலுடன் போனாள்.

அவரை உள்ளே தூக்கி வைத்ததும் தரை சரிந்தது; இருவரும் எழுந்து நின்றார்கள். அதன்பின் அவர்கள் வெளியே வரவில்லை. தேவகனி மீனை வாசற்படியில் வைத்துவிட்டுப் போவாள். 1956-இல் லீமா பத்து மாதப் பிள்ளையோடு வந்தாள். அது கிளாராவின் இடுப்பிலிருந்து காலை உதைத்து இறங்கப் பார்த்தது.

"எறக்கி விடும்மா, நடந்து பழகட்டு" என்றாள் லீமா.

"இஞ்ச வேண்டாம் மக்கா."

கிளாரா அன்று முழுக்கப் பிள்ளையைத் தோள் மாற்றித் தோள் வைத்திருந்தாள். கை கடுத்தபோது மத்தியாஸிடம் கொடுத்தாள். தரையில் மட்டும் இறக்கவில்லை.