பெயர் மாற்றப்பட்டுள்ளது

அந்த அழைப்பு வந்தபோது என் கணவர் குசினி மேசையில் அடுத்த இதழுக்கான மரண அறிவித்தல்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கிரவீனில் நான் சமைக்கிற எங்கள் வீட்டுக் குசினிதான் பத்திரிகை அலுவலகம். மாதம் ஒருமுறை வரும், இலவசம். பெண்டில் ஹில் கடை வாசலில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிடக்கும். அதில் மீன் சுற்றிக்கொண்டு போகிறவர்களையும் கண்டிருக்கிறேன், இவரிடம் சொல்வதில்லை. முன்பக்கத்தில் 'ஆசிரியர் அரியரத்தினம்' என்று பெயரும் கைபேசி எண்ணும் இருக்கும். விசாரிக்காமல் ஒரு வரி போடமாட்டார் என்று பெயரெடுத்த மனிதர்.

போன இதழில், அகதியாக வந்து வில்லாவுட் தடுப்பு முகாமில் வருடக்கணக்காகக் கிடக்கும் ஒரு பொடியனைப் பற்றி எழுதினார். பெரிய ஆங்கிலப் பத்திரிகைகள் எதுவும் அவனை எட்டிப் பார்க்கவில்லை. சனிக்கிழமைகளில் நாங்கள்தான் போய்வந்தோம். அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"அங்கிள், அம்மாக்கு மட்டும் தெரியக் கூடாது. கடையில வேலை செய்யிறன் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன்."

இவர் சத்தியம் பண்ணாத குறையாகத் தலையாட்டினார். சுஜீதன் என்ற பெயரை அனுஷன் ஆக்கினார். படம் போடவில்லை. 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று குறிப்பும் போட்டார். எல்லாம் செய்துவிட்டு முதல் வரியில் என்ன எழுதினார் தெரியுமா? 'அளவெட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் கடைசி மகன்.' அட கடவுளே! கலியாண வீட்டில் கதிரையில் உட்கார முன்பே "எந்த ஊர்?" என்று கேட்கிற சனம் நாங்கள். ஊர் சொல்லாமல் ஒரு ஆளை எங்களால் நினைக்கவே முடியாது. பார்த்துப் பார்த்து எழுதின மனிதருக்கு அந்த வரி மட்டும் கண்ணில் குத்தவில்லை. இணையத்தில் ஏறியதை யாரோ கனடாவுக்கு அனுப்ப, கனடா அதை ஊருக்கு அனுப்பிவிட்டது.

"பேப்பர்க்கார ஐயாவோ? நான் அளவெட்டியில இருந்து கதைக்கிறன்."

இவருடைய முகம் செத்துப்போனது. கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். குரல் எனக்கும் கேட்டது.

"அந்த அனுஷன் எண்ட பிள்ளை என்ர மகனாம், ஊர்ச் சனம் கதைக்குது. என்ர பிள்ளை அங்க கடையில வேலை செய்யுது, ஐயா. அது அவன் இல்லைத்தானே?"

இவர் என்னைப் பார்த்தார். பத்திரிகையில் ஒரு பொய் எழுதாத மனிதர், பொடியனுக்குக் கொடுத்த வாக்கை இனியாவது காப்பாற்றவேண்டும்.

"இல்லை அம்மா. ஊரைப் பிழையாப் போட்டிட்டம். அது வேற பொடியன்."

அந்தப் பக்கத்தில் ஒரு கோழி கொக்கரிப்பது மட்டும் கேட்டது.

"அப்ப சரி. அந்தப் பிள்ளையைப் பாக்க ஆரும் போறவையோ?"

"ஓம், நாங்கள் போறனாங்கள்."

"சமைச்சுக் குடுக்கிறனீங்களோ?"

வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். கடையில் வாங்கிய, உடைக்காத பொதி மட்டும்தான். இவர் கண்ணை மூடிக்கொண்டு "ஓம் அம்மா" என்றார்.

"புட்டுக்குத் தேங்காய்ப்பூ கனக்கப் போடுங்கோ. கத்தரிக்காய் வேண்டாம், அதுக்கு உடம்பெல்லாம் தடிச்சுக் கடிக்கும்." பிறகு அவசரமாக, "ஆரின்ர பிள்ளையெண்டாலும் பிள்ளைதானே, ஐயா" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "அடுத்த இதழில ஒரு திருத்தம் போடுவமோ?" என்றார்.

"என்னத்தைத் திருத்தப்போறியள்?" என்று சீறிவிட்டேன். பிறகு பாவமாக இருந்தது.

சனிக்கிழமை விடிய எழும்பிப் புட்டு அவித்தேன். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். தெரிந்தும் துருவின தேங்காய்ப்பூ அள்ளிப் போட்டு, பெட்டியில் அடைத்து, காரின் பின்சீட்டில் வைத்தேன். முகாமுக்குள் பிஸ்கட் பொதியைத்தான் கொண்டுபோனோம்.

அன்றைக்கு சுஜீதன் சிரித்துக்கொண்டு வந்தான்.

"அங்கிள், பேப்பரைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தனான். நேற்று அம்மா கதைச்சவ. கடையில யாவாரம் எப்பிடி, முதலாளி நல்லவரோ எண்டு கேட்டவ. அவவுக்கு ஒண்டும் தெரியாது!"

இவர் பிஸ்கட் பொதியை உடைக்கப் பார்த்தார். நான் வாங்கி உடைத்துக் கொடுத்தேன்.

திரும்பி வந்து கார்க் கதவைத் திறந்தோம். வெயிலில் கிடந்த காருக்குள் முழுக்கத் தேங்காய்ப்பூ வாசம். இவர் ஏறவில்லை, கதவைப் பிடித்தபடியே நின்றார்.